பிஷப்பின் புதன்கிழமை

மேபல் ஓல்ட்ராய்ட் இருபத்தாறு வருடம் ஸ்கெல்பரோ பிஷப்பின் டைரியை எழுதினாள். அந்த இருபத்தாறு வருடத்தில் பிஷப்புகள் மூன்று பேர் வந்தார்கள். டைரி மட்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. கறுப்பு அட்டை, நாளுக்கு ஒரு பக்கம், நீல மை. ஒருமுறை எழுதிவிட்டால் அவள் அதை அடிப்பதில்லை. கம்பளி ஆலையில் மேஸ்திரியாக இருந்த அப்பாவிடமிருந்து வந்த குணம் என்பாள். அவர் சங்கு ஊதுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஆலை வாசலில் நிற்பாராம், நாற்பது வருடம்.

என் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். காலையில் எட்டு இருபதுக்கு சைக்கிளை எடுப்பாள், மழையானால் தொப்பிக்கு மேல் ஒரு ரப்பர் துணி. எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு: பிஷப்புக்குக் கடவுளிடம் கூட அவ்வளவு பயமில்லை, மிஸ் ஓல்ட்ராய்டின் டைரியிடம்தான். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமைப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

நான் இங்கே சொல்வதை அவள் ஒரே நாளில் சொன்னதில்லை. வருடக்கணக்கில், தேநீர் ஆறும் நேரங்களில், துண்டு துண்டாக வந்தது. சிலது எட்னா சக்டன் சொன்னது. எட்னா எங்கள் தெருக்கோடியில் இருந்தாள்.

எட்னாதான் பிஷப்பின் வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் கஞ்சி போடுபவள். சாதாரணத் துவையல் இல்லை அது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை உப்பிக்கொண்டு நிற்க வேண்டும், மணிக்கட்டில் சுருக்கு ஒன்று போல விழ வேண்டும். கஞ்சி கூடினால் அட்டை மாதிரி ஆகிவிடும், குறைந்தால் ஈரத் துணி மாதிரி தொங்கும். கோயிலுக்கு மட்டுமென்றால் எப்படியாவது ஒப்பேற்றலாம். மூவரில் இரண்டாவதான தாக்ரா பிஷப்புக்கு லண்டனில் பிரபுக்கள் சபையில், அதாவது நாடாளுமன்றத்தின் மேல்சபையில், இடம் கிடைத்த பிறகு அது நடக்கவில்லை. அங்கே பிஷப்புகள் அங்கி போடாமல் உள்ளே கால் வைக்க முடியாது. "ராஜா கண்ணுல படுற துணி, மிஸ். சும்மா விட முடியுமா," என்பாள் எட்னா. ராஜா அங்கே வருடத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார் என்று மேபல் சொல்லிப் பார்த்தாள். "அந்த ஒரு நாள் என்னிக்குன்னு துணிக்குத் தெரியுமா?" என்றாளாம்.

சபையில் இடம் என்பது மூப்பு வரிசைப்படி வருவது. மூத்த பிஷப் ஒருவர் செத்தாலோ ஓய்வு பெற்றாலோதான் அடுத்தவருக்கு. தாக்ரா ஆறு வருடம் காத்திருந்தார். போய்ச் சேர்ந்ததும் கொடுத்த வேலை, புதிதாக வருகிற எல்லாருக்கும் கொடுப்பதுதான்: ஜெபம் வாசிப்பது. வாரத்துக்கு ஒரு பிஷப், முறை வைத்து. சபை கூடும்போது பிரபுக்கள் எல்லாரும் திரும்பி, உட்காரும் பெஞ்சின் மேலேயே முழங்காலை ஊன்றி நிற்பார்கள். முறைக்கார பிஷப் ஒரு சங்கீதமும் சில ஜெபங்களும் வாசிப்பார். அதற்குப் பிறகு நாட்டு விவகாரம். அந்த வாரம் மற்ற பிஷப்புகள் யாரும் லண்டனுக்கு வரவேண்டிய கட்டாயமில்லை. வேலை இருக்கிறவர்கள் அவரவர் ஊரில் இருப்பார்கள்.

முறை வாரத்தில் ஏதாவது ஒரு நாள் பிஷப்புக்கு ஊரில் தவிர்க்க முடியாத காரியம் வந்தால், மேபல் பக்கத்து மாகாண பிஷப்பின் செயலாளருக்குப் போன் போட்டு அந்த நாளை மாற்றிக்கொள்வாள். அந்தப் பெண் அவளுக்குச் சிநேகிதி. இவர் ஒரு புதன் கொடுத்தால் அவர் ஒரு வியாழன். தவிர்க்க முடியாத காரியம் என்று மேபல் கணக்கில் வைத்தது ஒன்றைத்தான், திடப்படுத்தல் ஆராதனை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைத் திருச்சபையில் முழுமையாகச் சேர்க்கும் சடங்கு அது. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து மண்டியிட, பிஷப் தலையில் கை வைப்பார். பாதிரியார்கள் அதைச் செய்ய முடியாது. அவளுடைய முதல் பிஷப், அந்தக் கிழவர், வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாராம்: ஜெபத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் மிஸ் ஓல்ட்ராய்ட், கை வைப்பதற்கு நான் ஒருத்தன்தான், அந்தத் தேதிகளை மட்டும் ஒருபோதும் அசைக்காதீர்கள்.

அவள் ஒருபோதும் அசைக்கவில்லை. போர்க்காலத்தில் குண்டு விழுந்த மறுநாள் கூட.

*

போர் முடிந்த மூன்றாம் வருடம், ஏப்ரல் கடைசியில் எட்னாவின் மகன் வால்ட்டர், இருபத்திரண்டு வயது, பட்டாளத்திலிருந்து வந்து வேலை நிலைக்காமல் திரிந்தவன், இன்னொருத்தனோடு சேர்ந்து ஒரு கம்பளி வியாபாரியின் கிட்டங்கிக்குள் இறங்கினான். உள்ளே காவலுக்கு லம் என்ற வயசாளி இருந்தார். இரும்புக் கம்பியால் ஒரே அடி. இரண்டாவது நாள் லம் போய்விட்டார். வால்ட்டர் கூரை வழியாகத் தப்பப் பார்த்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கூட வந்தவன் இன்னும் சிறுவன் என்பதால் அவனுக்குத் தூக்கு கிடையாது. அடித்தது நான்தான் என்று வால்ட்டர் போலீஸ் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தே சொல்லிவிட்டான். இடுப்பு கூடி நிற்கிற வரைக்கும் வழக்கை எடுக்க முடியாது, இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

லம் எங்களுக்கும் தெரிந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலில் மூன்றாவது தூணோரம் உட்காருவார், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு. அவர் மனைவி இன்னும் அங்கேயே உட்கார்ந்தாள், பக்கத்து இடத்தில் தொப்பியை வைத்துவிட்டு. அதனால் எட்னாவிடம் என்ன சொல்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பால்காரனிடம் பேசுகிற மாதிரி மழையைப் பற்றிப் பேசினோம். எட்னா துவைப்பதை நிறுத்தவில்லை. கறிக்கடை வரிசையில் ஒருத்தி, உன் கையால துவைச்சத பிஷப் எப்படித்தான் போட்டுக்கிறாரோ என்று சொன்னாள். எட்னா தன் முறை வரும்வரை நின்று, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும்போது, "நல்லா கஞ்சி போட்டுத்தான் போட்டுக்கிறாரு," என்றாள்.

அதே மாதம் நாடே வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. தூக்குத் தண்டனையை ஐந்து வருடம் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம் என்று மக்கள் சபை ஓட்டுப் போட்டிருந்தது. இனி அது பிரபுக்கள் சபைக்கு வர வேண்டும். அங்கே தேறிவிட்டால் வால்ட்டருக்கு நவம்பரில் என்ன தீர்ப்பு வந்தாலும் கயிறு இல்லை. இதை எட்னாவுக்குச் சிறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டம், சபை, மசோதா எல்லாம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: அந்தச் சபைக்குள்ளே நின்று பேசக்கூடிய ஒரு மனிதரின் அங்கி தன் வீட்டுக் கொடியில் காய்கிறது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, துணி கொண்டுவந்தவள் பிஷப் வீட்டுப் பின்வாசல் நடையில் கூடையோடு நின்றாள். அவர் தோட்டத்திலிருந்து வந்தபோது கேட்டுவிட்டாள். மேபல் அலுவலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தாள், எல்லாம் கேட்டது.

"பிஷப் ஐயா, அவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல. லம் பெரியவரு எம் பையனுக்கு மிட்டாய் குடுத்தவரு. அவனை வெளிய விடுங்கன்னும் சொல்லல. சாகிற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும். நான் போய்ப் பாத்துக்கிட்டு வர்றேன். அவ்வளவுதான்."

பிஷப் கையிலிருந்த தோட்டத்து மண்ணைத் தட்டிவிட்டாராம். பிறகு, "நான் பேசுறேன், மிஸஸ் சக்டன். அது தப்புன்னுதான் எனக்கும் படுது. எழுந்து நின்னு சொல்றேன்," என்றார்.

நல்ல மனிதர் தாக்ரா. இதைச் சொல்லாமல் விட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். நோயாளி வீட்டுக்கு நடந்தே போவார். தன் பங்கீட்டுச் சர்க்கரையில் பாதியை அநாதை விடுதிக்கு அனுப்புவார். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருப்பார், பேசும்போது வியர்க்கும். பிரபுக்கள் சபையில் இரண்டு வருடத்தில் அவர் ஜெபத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச்சை எழுதி மேபலிடம் கொடுத்தார். அவள் தட்டச்சு செய்தாள், நான்கு பக்கம். நன்றாக இருந்தது என்றாள் என்னிடம். அதில் ஒரு தாயைப் பற்றி வந்தது, பெயர் சொல்லாமல்.

எட்னா தெருவெல்லாம் சொன்னாள். வால்ட்டரிடமும் போய்ச் சொன்னாள்.

*

விவாதத்துக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது பத்து நாள் முன்னால்தான். ஜூன் முதல் வாரம், செவ்வாயும் புதனும். புதன் சாயங்காலம் ஓட்டு. செவ்வாய்க்கிழமை முழுக்கப் பெரியவர்கள் பேசுகிறார்கள், நீதிபதிகள், பழைய மந்திரிகள். ஸ்கெல்பரோ பிஷப்புக்குப் புதன் பிற்பகலில்தான் இடம் கொடுக்க முடியும்.

அது தாக்ராவின் ஜெப வாரமாகவும் இருந்தது. எப்படியும் லண்டனில் இருக்க வேண்டியவர். ஆனால் அந்தப் புதனை மேபல் ஏற்கெனவே மாற்றியிருந்தாள். டைரியில் அக்டோபர் மாதமே நீல மையில் எழுதியிருந்தது: ஓவர்த்வெய்ட், திடப்படுத்தல், மாலை 6.30, பிள்ளைகள் 23.

ஓவர்த்வெய்ட் மேட்டு நிலத்தில் இருக்கிற ஆட்டுக்காரர்களின் ஊர். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அங்கே இந்த ஆராதனை. போன தடவை தாக்ராவுக்குக் காய்ச்சல் வந்ததால் வேறொருவர் போனார். சீனாவில் நாற்பது வருடம் பிஷப்பாக இருந்துவிட்டு எங்கள் ஊரில் ஓய்வாக இருந்த ஒரு கிழவர், சீனத்து பிஷப் என்று எல்லாரும் சொல்வோம். அவருக்கும் கை வைக்கிற அதிகாரம் உண்டு. பாவம், அங்கே போய் பெயர்களை மாற்றிச் சொல்லி, ஒரு பையனுக்கு இரண்டு தடவை கை வைத்து, ஒரு பெண்ணை விட்டுவிட்டார். அவள் அம்மா அழுதிருக்கிறாள். ஓவர்த்வெய்ட் குருவானவர் காரசாரமாக ஒரு கடிதம் போட்டார்: டவுன் பிள்ளைகளுக்குப் புது பிஷப், எங்களுக்குப் பழைய சாமானா? மேபல் பதில் எழுதினாள்: அடுத்த முறை பிஷப் ஐயாவே வருவார், இது உறுதி. அவள் கையெழுத்தே போட்டிருந்தாள்.

கடிதம் வந்த வியாழக்கிழமை பிஷப் அவள் மேஜையருகே வந்து நின்றார். டைரி விரித்துக் கிடந்தது. புதன்கிழமைப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்குட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிற்று.

"இதை மாத்த முடியாதுல்ல, மிஸ் ஓல்ட்ராய்ட்?"

அவர் கேட்ட விதத்தை அவள் என்னிடம் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். மாற்ற முடியுமா என்று கேட்கவில்லை அவர். அந்த வித்தியாசம் அன்று அவளுக்கு உறைக்கவில்லை. பதினைந்து வருடமாக அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"திடப்படுத்தலை மாத்துறதில்லீங்க, பிஷப் ஐயா."

"ஆமா. மாத்துறதில்ல." பக்கத்தின் ஓரத்தைத் தடவிவிட்டார். "பிள்ளைங்க துணியெல்லாம் தைச்சிருப்பாங்க."

"துணிக் கூப்பனைச் சேத்து வெச்சித் தைச்சிருக்காங்களாம். குருவானவர் எழுதியிருக்காரு."

"அப்ப சரி," என்றார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சீனத்து பிஷப்பின் பெயரை அவள் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கிழவர் இரண்டு தெரு தள்ளி, அன்று காலையில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

*

செவ்வாய் ஜெபத்தை வாசித்துவிட்டு, புதன் காலை பத்து மணி ரயிலில் பிஷப் வடக்கே வந்தார். மேபல் ஸ்டேஷனில் காத்திருந்தாள். பெட்ரோல் பங்கீடு காரணமாக அவரே சின்ன வண்டியை ஓட்டுவார். வழியெல்லாம் அவர் ஆடுகளைப் பற்றிப் பேசினார்.

ஆராதனை நன்றாக நடந்தது. மேபல் பெயர்ப்பட்டியலோடு பக்கத்தில் நின்றாள், ஒரு பெயர் தவறவில்லை. பிள்ளைகள் இரண்டிரண்டாக வந்து மண்டியிட்டார்கள். லண்டனுக்கென்று எட்னா கஞ்சி போட்டுக் கொடுத்த அங்கி, கைகள் உப்பி நின்றன, அந்தச் சின்னத் தலைகளுக்கு மேல் வெள்ளையாக. போன தடவை விட்டுப்போன பெண்ணும் வந்திருந்தாள், பதினாறு வயதாகியிருந்தது. அவள் அம்மா பிஷப்பின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தில் பந்தி. அந்தக் காலத்தில் எங்கிருந்து தேற்றினார்களோ, பன்றிக்கறி இருந்தது. எல்லாம் முடிந்து குருவானவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தபோது ஒன்பது மணி, ஜூன் மாதம் என்பதால் வெளியே வெளிச்சம் போகவில்லை. ரேடியோவில் முதல் செய்தியே அதுதான். பிரபுக்கள் சபை தூக்கை நிறுத்த மறுத்துவிட்டது. நூற்றைம்பதுக்கும் மேல் ஓட்டு வித்தியாசம்.

குருவானவர் மனைவி, நல்லதாப் போச்சு, இல்லேன்னா எவன் எவன் தலையில அடிப்பானோ என்றாள். பிஷப் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து, பிட்டு, திரும்ப வைத்தார்.

திரும்பி வரும்போது மேட்டிலிருந்து இறங்கும் வளைவில் அவர் சொன்னார், "நான் இருந்திருந்தாலும் ஒரு ஓட்டு. ஒண்ணும் ஆகியிருக்காது." சிறிது தூரம் போனபின், "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. ரொம்ப நன்றி, மிஸ் ஓல்ட்ராய்ட்."

அந்த நன்றிதான் அவளுக்குள் போய்த் தைத்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் டைரிக்காக எந்த பிஷப்பும் அவளுக்கு நன்றி சொன்னது கிடையாது. டைரிக்கு எதற்கு நன்றி? எதற்கென்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு, ஊர் விளக்குகள் தெரிகிற இடத்தில், பதில் கிடைத்துவிட்டது.

*

எட்னா வெள்ளிக்கிழமை அழுக்குத் துணி எடுக்க வந்தாள். கையில் இரண்டு நாள் செய்தித்தாள்.

"ரெண்டு நாள் பேப்பரையும் ஒரு எழுத்து விடாம பாத்துட்டேன், மிஸ். பேசினவங்க பேரெல்லாம் போட்டிருக்கு. நம்ம ஐயா பேரை விட்டுட்டானுங்க போல."

மேபல் பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. சொல்லவில்லை. அவர் அங்கே இல்லை, ஓவர்த்வெய்ட்டில் திடப்படுத்தல் இருந்தது, அந்த நாளை மாற்ற முடியாது என்று சொன்னது நான்தான் என்றாள்.

எட்னா கூடையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பிள்ளைங்க?"

"இருபத்துமூணு."

"ம்." அங்கியை உதறிப் பார்த்தாள், எங்கே கறை என்று பார்க்கிறவள் போல. "வால்ட்டருக்கும் ஆச்சே, பெரிய கோயில்ல. அப்ப ஐயாவுக்கு முந்தின பிஷப்பு, அந்தக் கிழவரு இருந்தாரு. தலை படியணும்னு நான் எண்ணெயை அள்ளித் தடவி அனுப்பிட்டேன். கை வெச்சவரு எடுத்துப் பாத்துட்டு அங்கியிலயே தொடைச்சிக்கிட்டாரு. அந்தக் கறை மறுநாள் என்கிட்டதான் வந்தது. மூணு தடவை அலசினேன்."

மேபல் என்னவோ சொல்லப் போனாள்.

"வேணாம், மிஸ். நீங்க டைரி எழுதுறவங்க. பேசுறேன்னு சொன்னது நீங்க இல்லயே," என்று சொல்லிவிட்டு எட்னா துணியைக் கூடையில் போட்டாள்.

*

நவம்பரில் வழக்கு அரை நாள்கூட எடுக்கவில்லை. வால்ட்டர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று தீர்ப்பைக் கேட்டான். தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே மூன்று ஞாயிற்றுக்கிழமை விடுவது வழக்கம். கைதி மனம் திரும்புவதற்காம்.

மிச்சமிருந்தது உள்துறை மந்திரியின் இரக்கம் ஒன்றுதான். எட்னா கேட்கவில்லை. பிஷப்பே மந்திரிக்குக் கடிதம் எழுதினார். முதலில் எழுதியது கடுமையாக இருந்தது: இந்தத் தண்டனை பாவம் என்றே எழுதியிருந்தார். மேபல் தட்டச்சு செய்து வைத்தாள். மறுநாள் அதைத் திருத்தினார். அதற்கு மறுநாள் லம்மின் மனைவி வந்து போனாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அழவும் இல்லை, கணவனின் பைபிளைக் கோயிலுக்குக் கொடுக்க வந்தவள். கடிதம் மறுபடி மெலிந்தது. நாலாவது தடவை, 'தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் நிற்கவில்லை.

வெள்ளி சாயங்காலம் பிஷப் வாரத்துக் கடிதங்களுக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார், படிக்காமல். மேபல் மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்று அவள் அடுக்கில் நாலாவது கடிதத்தை எடுத்துவிட்டு முதலாவதை வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவளே நடந்து போய்த் தபாலில் சேர்த்தாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே திருட்டு அது.

பதில் ஐந்தாம் நாள் வந்தது, மூன்று வரி. பிஷப் அவர்கள் இவ்வளவு உறுதியான சொற்களில் தெரிவித்த கருத்தை மந்திரி கவனமாகப் பரிசீலித்தார், தீர்ப்பில் தலையிடக் காரணம் எதையும் அவர் காணவில்லை, வருந்துகிறார். பிஷப் 'உறுதியான சொற்களில்' என்ற இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கி மேபலைப் பார்த்தார். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். அந்த வெள்ளியிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

தூக்குக்கு டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று நாள் குறித்தார்கள். அந்த வாரம் தாக்ராவின் ஜெப முறை. இதை யாரும் திட்டமிடவில்லை, முறை அப்படி வந்தது. சனிக்கிழமை எட்னா அங்கியைக் கொண்டுவந்தாள், மெல்லிய தாளில் சுற்றி. எந்த நாளும் இல்லாத அளவு நன்றாக இருந்தது என்றாள் மேபல். வேறு யாரிடமாவது கொடுத்திருப்பேனே எட்னா என்று சொன்னாளாம்.

"எதுக்கு? வேற யாரும் போட்டா கை தொங்கும். முட்டி போட்டு ஜெபம் வாசிக்கணும்ல அவரு."

செவ்வாய்க்கிழமை காலை நானும் மேபலும் எட்னா வீட்டுக்குப் போனோம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம், சாவு வீட்டிலிருந்து பெட்டி கிளம்புகிற வரைக்கும் எல்லா வீட்டுச் சன்னல் திரையும் இழுத்து மூடியிருக்கும். அன்று எதுவும் மூடியிருக்கவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? பெட்டி எதுவும் வரப்போவதில்லை, தூக்கிலிட்டவர்களைச் சிறைக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். லம் குடும்பத்துச் சொந்தக்காரர்களும் அதே தெருவில் இருந்தார்கள். மேபல் எட்னாவின் முன்னறைத் திரையை இழுக்கப் போனாள். விடுங்க, வெளிச்சம் வேணும் என்றாள் எட்னா. முந்தின நாள் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவனுக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை, உட்கார ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள், நல்ல மனுஷங்க என்றாள்.

அடுப்பு மேல் கடிகாரம் இருந்தது. அது எப்போதும் ஏழு நிமிடம் முந்தி ஓடும். அதில் ஒன்பது அடித்தது. அது முந்தி ஓடுவது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்த ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பிறகு பெரிய கோயில் மணி அடித்தது.

எட்னா எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு லண்டனில் பிஷப் ஜெபம் வாசித்தார். அன்றைக்குச் சபையில் மீன்பிடிப் படகுகளைப் பற்றி ஏதோ விவாதம் என்று மறுநாள் பேப்பரில் இருந்தது.

*

அதற்குப் பிறகும் மேபல் டைரி எழுதினாள், ஆனால் பென்சிலில். தாக்ராவுக்குக் கண் மங்கி வந்தது, பென்சில் தெரியவில்லை என்று ஒருமுறை குறைப்பட்டார். அவள் இன்னும் அழுத்தி எழுதினாள், மைக்குத் திரும்பவில்லை. ஐந்து வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றுத் தெற்கே கடலோரம் போனார். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். மேபல் பதில் போடுவாள், வானிலையைப் பற்றி.

புது பிஷப் சின்ன வயது, சத்தமாகப் பேசுவார், மேஜை மேல் உட்காருவார். அவருக்குச் சபையில் இடம் கிடைத்த வருடமே தூக்கை நிறுத்தும் மசோதா மறுபடி வந்தது. இந்தத் தடவையும் மக்கள் சபை ஆதரித்திருந்தது. ஜூலையில் விவாதம். அதே நாள் சாயங்காலம் ஆலைக் குடியிருப்புக் கோயிலில் திடப்படுத்தல், முப்பது பிள்ளைகள்.

இதை மாற்றுங்கள், மிஸ் ஓல்ட்ராய்ட் என்றார் புது பிஷப், கதவில் நின்றுகொண்டே, ஒரு கை கோட்டுக்குள் நுழைந்தபடி. அவ்வளவுதான்.

அவள் மாற்றினாள். பென்சில் எழுத்தை அழிப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அன்று மாலை சைக்கிளை நிறுத்திவிட்டு மாடிக்குப் போகாமல் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நெனக்கிற?" என்றாள். "ரெண்டு போன். குருவானவருக்கு ஒண்ணு, சர்ச் ஹால்காரருக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமைக்குப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமைன்னா ஆலைக்காரங்க எல்லாரும் வரலாம், ரொம்ப நல்லதுங்கிறாரு அவரு."

நான் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அந்த பிஷப் போய்ப் பேசினார். அவர் பக்கம்தான் பெரும்பாலான பிஷப்புகள் ஓட்டுப் போட்டார்கள். இருந்தும் மசோதா அந்தத் தடவையும் பிரபுக்கள் சபையில் தோற்றது. பேப்பரில் அவர் பேசியதிலிருந்து நாலு வரி போட்டிருந்தார்கள். மேபல் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எட்னா வீட்டுக்குப் போனாள். எட்னாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கித் துவைப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. புது பிஷப்பின் அங்கியைச் சலவைக் கம்பெனிக்குப் போடுகிறார்கள், கை தொங்கும்.

எட்னா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நாலு வரியையும் மெல்லப் படித்தாள். பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்த தோட்ட விதை விளம்பரத்தையும் பார்த்தாள். பிறகு மேபலிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் பேசியிருக்காரு," என்றாள். "இந்தத் தடவை யாரோட பையன், மிஸ்?"